அவள் விட்டுப்போன நோன்புகள்

ஷஃபான் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் எனக்கு மரியாதை கிடையாது. நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை என்னோடு சேர்த்துத் தள்ளிவிட்டுத்தான் என் மனைவி தரையைத் துடைப்பாள். நோன்பு வர இன்னும் ஒரு மாதம் கிடக்கிறதே என்று நான் முறைத்தால், "வர்றது விருந்தாளிங்க. வாசல்ல வந்து நின்னதுக்கப்புறமா ஊட்டைக் கூட்டிக்கிட்டு இருப்பாங்க?" என்பாள். கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்க மாட்டாள்.

நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவளும் அதே கம்பெனியில்தான், செக்கிங் செக்‌ஷனில். தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அந்தக் கண்ணோடுதான் வீட்டையும் பார்ப்பாள். கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்து போட்டிருக்கும் வேஸ்ட் துணி மூட்டை ஷஃபானில் அவிழும். ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, டப்பாக்களின் அடிப்பாகம் என்று ஒன்றையும் விட மாட்டாள். தொழுகை விரிப்பைத் துவைப்பாள், குர்ஆன் உறையை மாற்றுவாள். பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் தனித்தனியாக வறுத்து, கஞ்சிக்கு நொய்யாக உடைத்து டப்பாவில் கொட்டி மூடுவாள். சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள்தான். தூக்குவாளியோடு போய் வாங்கியும் வருவோம். ஆனால் ஷிப்மென்ட் நாளில் நான் நேரம் கழித்து வந்தால் குடிக்க வீட்டுக் கஞ்சி இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம்.

எனக்கென்று தனியாக ஒரு தயாரிப்பும் வைத்திருந்தாள். நான் டீ குடிக்கிற ஆள். தெருவுக்கு இரண்டு பேக்கரி இருக்கிற ஊரில் வேறு எப்படி இருக்க முடியும். முதல் இரண்டு மூன்று நோன்புக்கு டீ இல்லாத தலைவலியில் எல்லோர் மீதும் எரிந்து விழுவேன். கல்யாணமான முதல் வருடமே அதைப் பார்த்துவிட்டவள், அடுத்த வருடத்திலிருந்து ஷஃபான் பிறந்ததும் என் டீயை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ள ஆரம்பித்தாள். முதலில் காலையில் குடிக்கும் இரண்டாவது டீ போகும். அப்புறம் சாயங்கால டீ. கம்பெனியில் டீ டைம் வந்தால் செக்கிங் டேபிளிலிருந்து என் கட்டிங் டேபிளை எட்டிப் பார்ப்பாள். "நோம்பு வெக்கறது நீங்க, உங்க கோவத்தைத் தாங்கறது நானுங்களா?" என்று கேட்பாள். அவள் புண்ணியத்தில் இருபத்தைந்து வருடமாக எனக்கு முதல் நோன்பில் தலை வலித்ததில்லை.

இதெல்லாம் மேல் வேலை. அவள் உண்மையில் தயாராவது வேறு ஒன்றில். பெண்களுக்கு மாதத்தில் சில நாள் நோன்பு கிடையாது. பிள்ளைப்பேறு, நோய்நொடி என்று இன்னும் சில நாள் போகும். அப்படி விட்டுப்போன நோன்பைப் பிறகு ஒரு நாள் வைத்துத் தீர்க்க வேண்டும். அதற்குக் கழா என்று பெயர். அடுத்த ரமலான் வருவதற்குள் கழாவை முடித்துவிட வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருப்பாள். ஷஃபானில் செக்கிங் டேபிளில் எல்லோரும் போண்டாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் பனியனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஒரு தடவை, இவ்வளவு அவசரம் எதற்கு, அப்புறம் வைத்தால் கூடாதா என்றேன். "கழாவ வெச்சுக்கிட்டு புது நோம்புக்குள்ள போறது, எச்சக் கையோட அடுத்த பந்தியில உக்கார்ற மாதிரிங்க. எனக்குக் கூசுது" என்றாள்.

போன ரமலானுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவோம். வந்தால் நாலைந்து நாள் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. தலைமுடி முழுவதும் கொட்டிவிட்டது. நோன்பைப் பற்றி அவள் டாக்டரிடம் கேட்டதற்கு அவர் என்னைத்தான் பார்த்தார். அந்த மாதம் முழுவதும் அவளால் ஒரு நோன்புகூட வைக்க முடியவில்லை. ஆனாலும் விடியும் முன், சஹர் நேரத்தில், எனக்கு முன்னால் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே சமையல் கட்டுக்குப் போய் எனக்குச் சோறு எடுத்து வைப்பாள். வேண்டாம் என்று கத்தினாலும் கேட்க மாட்டாள். பெருநாள் தொழுகை முடித்து வந்த என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மொத்த மாசமும் கழா ஆயிப்போச்சுங்க" என்பதுதான். அடுத்த நோன்பு வருவதற்குள் உட்கார்ந்து வைத்துவிடலாம் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள்.

மார்கழியில் அவள் மௌத்தாகிவிட்டாள்.

இந்த வருடம் ஷஃபான் பிறந்தபோது நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. நான் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. யார்மீது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரியின் மீது, என் கண் முன்னால் சுகமாக நடந்து போகிற பெண்கள் மீது, பேக்கரியின் மீது. ஒரு நாளைக்கு எத்தனை டீ குடித்தாலும் எட்டிப் பார்க்க ஆளில்லை என்பது தெரிந்த அன்று, கையிலிருந்த கிளாஸைக் கட்டிங் டேபிளில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். மெஷினை நிறுத்தாமல் எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் கோபம் வந்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், அவள் கழாவை நான் வைப்பது என்று. யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. மறுநாள் விடியும் முன் எழுந்து, பழைய சோற்றைத் தின்றுவிட்டு, என் பெண்சாதி விட்டுப்போன நோன்பை வைக்கிறேன் என்று நிய்யத் செய்தேன். வைத்தபின் நெஞ்சில் கனம் கொஞ்சம் குறைந்தது. அவளுக்கு இன்னும் என்னால் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது என்ற நினைப்புதான் அது. டீயும் தானாக நின்றது.

எங்களுக்கு ஒரே மகள். தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. நோன்புக்கு முன்னால் வீட்டை ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று வந்து என்னோடு தங்கியிருந்தாள். என் நோன்பை அவளிடமும் சொல்லாமல், விடியும் முன் சத்தமில்லாமல் எழுந்து தண்ணீரை மட்டும் குடித்துக்கொள்வேன். வந்த அன்றே வேஸ்ட் துணி மூட்டையை அவிழ்த்துவிட்டாள். அவள் அம்மாவின் முந்தானையைப்போலவே இவளும் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஃபேன் இறக்கையைத் துடைத்தபோது நான் வெளியே போய்விட்டேன்.

நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் குடித்தனங்கள். பக்கத்து வீட்டு அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கிறிஸ்தவர். என் மனைவியோடு ஒரே டேபிளில் செக்கிங் பார்த்தவர். அவள் போனபின் எனக்குச் சோறு போட்டுக் காப்பாற்றியது அவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு கிளாஸ் டீயும் ஒரு தட்டு உளுந்த வடையும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு வயிறு சரியில்லீங்க" என்றேன்.

"நான் இப்பத்தாங்க்கா சாப்பிட்டேன்" என்றாள் மகள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காலையிலயிருந்து அடுப்பே எரியல, நீ என்னத்தட்டி சாப்ட்ட? அண்ணனுக்கு நேத்தும் வயிறு சரியில்ல, முந்தாநாளும் சரியில்ல. ரெண்டு வேரும் நோம்பாக்கும்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பொய் சொல்ல இருவருக்குமே வரவில்லை.

"அம்மாவோட கழாங்கத்தா" என்றாள் மகள் என்னிடம், மெதுவாக. "ஷஃபான் பொறந்ததுல இருந்து, தாராபுரத்துலயே ஆரம்பிச்சுட்டனுங்க."

"அது நான் வெச்சுக்கிட்டு இருக்கறன்" என்றேன்.

"நீங்க எதுக்குங்கத்தா? நான் அவங்க வயித்துல பொறந்தவங்க."

"நான் அவ புருஷன்."

சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் பக்கத்து வீட்டு அம்மா வாயை மூடிக்கொண்டார். "ஒரே நோம்ப அப்பனும் மகளும் ரெண்டு தடவ வச்சிருக்கியளே. அவ இருந்திருந்தா ரெண்டு வேரையும் வெளக்குமாத்தால அடிச்சிருப்பா." டீயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது நின்று சொன்னார்: "சண்ட போடாதிய. ஒங்க பள்ளிவாசல்ல இதுக்குன்னு ஆள் இருக்காருல்லா, போய்க் கேளுங்க."

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தின் வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. ஹஜ்ரத்துக்கு என் மகளைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். தேனிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. என் மனைவிக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தியது அவர்தான். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் பாயில் உட்கார்ந்தார். மகள் கதவோரம் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். யார் வைத்தது சேரும், எத்தனை இதுவரைக்கும் தீர்ந்திருக்கும் என்றெல்லாம் கேட்டாள்.

அவர் தாடியைத் தடவினார். சொல்ல அவருக்கு வருத்தமாக இருந்தது தெரிந்தது.

"நம்ம மத்ஹபு சட்டப்படி ஒருத்தர் நோன்ப இன்னொருத்தர் வைக்க முடியாதும்மா. நீங்க வச்சது வீண் போகாது. நஃபிலா, உபரி நோன்பா வச்சு, அந்த நன்மைய அவங்களுக்குச் சேத்து வைங்கன்னு துஆ கேக்கலாம். ஆனா அவங்க கழா அதுல தீராது."

"அப்ப எங்கம்மா நோம்பு அப்பிடியே நிக்குதுங்களா?" என்றாள் மகள்.

"இருங்கம்மா, நான் ஒண்ணு கேக்கணும்." ஹஜ்ரத் என் பக்கம் திரும்பினார். "பாய், போன நோன்புல இருந்து மௌத்து வரைக்கும் நடுவுல அவங்க குணமா இருந்த நாள் எதும் உண்டா? நோன்பு வைக்கிற அளவுக்கு உடம்பு தேறி இருந்த நாள்?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"நோயில நோன்ப விட்டவங்க, அந்த நோய்லருந்து எந்திரிக்காமலே மௌத்தாயிட்டா அவங்க மேல ஒரு கடமையும் இல்ல. கழாவும் இல்ல, பரிகாரமும் இல்ல. அல்லாஹ் அவங்கள விட்டுட்டான். நடுவுல தேறி இருந்தாத்தான், தேறின நாளுக்குத் தக்கன அவங்க மேல நிக்கும். அதுக்குத்தான் கேக்குறேன்."

நான் வாயைத் திறப்பதற்கு முன் மகள் முந்திக்கொண்டாள். "இல்லீங்க ஹஜ்ரத். ஒரு நாள் கூட இல்லீங்க. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்கும் நான் கூடப் போனனுங்க. எங்கம்மா அந்த வருசம் பூரா ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்கலீங்க."

"அப்ப ஒண்ணுமே இல்லம்மா. அவங்க கழா இல்லாமத்தான் போயிருக்காங்க."

மகள் துப்பட்டாவை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மார்கழியிலிருந்து அவள் அழுத அழுகை எல்லாம் எனக்குத் தெரியும். இது அப்படிப்பட்டது இல்லை. பாரம் இறங்கிய அழுகை. கழாவோடு போக எப்போதும் கூசிய அவள் அம்மா, கழா இல்லாமல் போயிருக்கிறாள். நான் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. என்னால் எழ முடியவில்லை.

ஏனென்றால் அவள் நன்றாக இருந்தாள். தீபாவளி லீவில்.

தீபாவளிக்கு எங்கள் ஊர் காலியாகிவிடும். கம்பெனிகளைப் பூட்டிவிட்டு, போனஸை வாங்கிக்கொண்டு, எல்லோரும் அவரவர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அந்த வருடம் எங்கள் லைனில் ஒவ்வொரு கதவிலும் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாவும் ஊருக்குப் போய்விட்டார். மகள் தாராபுரத்தில் இருந்தாள். நாங்கள் இருவர் மட்டும். மருந்து ஏற்றுவது ஒரு சுற்று முடிந்து, டாக்டர் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார். ஒரு நாள் காலையில் அவள் எழுந்து, "பசிக்குதுங்க" என்றாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டேன். இட்லி வாங்க ஓடினேன். ஒரு கடையும் இல்லாமல் பல்லடம் வரைக்கும் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். வாந்தி வரவில்லை.

அன்று ராத்திரி படுக்கும்போது, "நாளைக்கு ஒரு கழா வெச்சுப் பாக்கட்டுங்களா? உடம்பு தாங்கும்னு தோணுது" என்றாள். உன் இஷ்டம் என்றேன். சஹருக்கு நான் முழித்துக்கொண்டேன். அவளும் முழித்துத்தான் இருந்தாள், மூச்சு விடுவதிலேயே தெரிந்தது. ஆனால் எழவில்லை. விடிந்தபிறகு என் பக்கம் திரும்பிப் படுத்துச் சொன்னாள்: "வேணும்னுதானுங்க எந்திரிக்கல. கல்யாணமானதுல இருந்து நீங்க ஒரு டிபன் பாக்ஸ், நான் ஒரு டிபன் பாக்ஸ். இந்த லீவுல மட்டும் உங்க கூட உக்காந்து மூணு வேளையும் சாப்படறனுங்க. கழாவ ரஜபுல வெச்சுக்கறேன்." வாழ்நாளில் அவள் தள்ளிப்போட்ட நோன்பு அது ஒன்றுதான். ஷஃபானுக்கு முந்தின ரஜபு மாதம் பிறந்தபோது அவளால் உட்காரக்கூட முடியவில்லை.

மறுநாள் அமராவதி அணைக்குப் போனோம். உடுமலை வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. இரண்டும் காலியாக ஓடின. அணையின் படிகளில் என் தோளைப் பிடித்துக்கொள்ளாமல், நடுநடுவே நின்று, தானாகவே மேலே ஏறினாள். கீழே முதலைப் பண்ணையில் ஒரு முதலை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. "நோம்பு நாள்ல மத்தியானத்துக்கு மேல நீங்க இப்பிடித்தான் கெடப்பீங்க" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். மீன் வறுத்துக் கொடுக்கும் கடையில் அவள் பங்கைத் தின்றுவிட்டு என் இலையில் இருந்ததையும் எடுத்துக்கொண்டாள்.

யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று அவள் பயந்தாள். மகள் போன் பண்ணினால்கூட, "பரவால்ல கண்ணு" என்பதற்கு மேல் பேச மாட்டாள். பிறகு நோய் திரும்பியதும் நாங்கள் அந்த நாட்களைப் பற்றி எங்களுக்குள்ளேகூடப் பேசிக்கொள்ளவில்லை. அவள் போனபின் என்னிடம் அவளாக மிச்சமிருப்பது அந்த நாட்கள்தான். மற்றதை எல்லாம் நினைத்தால் ஆஸ்பத்திரி வாடை வருகிறது.

"பாய்?" என்றார் ஹஜ்ரத்.

"இருந்தாங்க" என்றேன். "தீபாவளி லீவுல தேறி இருந்தா."

மகள் முகத்திலிருந்து துப்பட்டாவை எடுத்தாள்.

ஹஜ்ரத் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். எங்களை அவர் எப்படியாவது லேசாக்கி அனுப்ப விரும்பினார். "டாக்டர் நோன்பு வைக்கலாம்னு சொன்னாரா?"

"கேக்கலீங்க."

"அப்ப விடுங்க பாய். அது நோய் கொஞ்சம் ஓய்ஞ்ச நேரம். அத குணம்னு சொல்ல முடியாது. நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. அந்த நாளையும் நோயோடவே சேத்துரலாம்."

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஹஜ்ரத்திடம் குரல் உயர்த்திப் பேசக் கூடாது என்று தெரியும். பேசினேன்.

"சேக்காதீங்க! அந்த நாள நோயோட சேக்காதீங்க ஹஜ்ரத். அவ நல்லா இருந்தாளுங்க. சிரிச்சாளுங்க. என் இலையில இருந்து எடுத்துத் தின்னாளுங்க. அந்த வருசம் பூராத்தையும் நோய்தான் எடுத்துக்கிச்சு. இதையுமா நானே கையில எடுத்துக் குடுக்கோணும்?"

உள்ளே ஹஜ்ரத்தின் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், சத்தம் நின்றுவிட்டது. நான் விழுந்த நாற்காலியைத் தூக்கக் குனிந்தேன். ஹஜ்ரத் எழுந்து வந்து அதை நிறுத்தி, என்னைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"அவங்க மேல கழா நிக்கும் பாய். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

அதுதான் கஷ்டம். அவளுக்குக் கூசும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளும் அன்று முழித்துக்கொண்டே படுத்திருந்தவள்தான். அவளுக்கும் அந்த நாட்கள் வேண்டியிருந்தன.

"அவ சார்புல நான் என்ன பண்ணோணுங்க?" என்றேன்.

"தேறி இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஏழைக்கு ரெண்டு வேளைச் சாப்பாடு. அதுக்கு ஃபித்யான்னு பேரு. அவங்களுக்காக நீங்க குடுத்தா அல்லாஹ் ஏத்துக்குவான்னு ஆதரவு வைக்கலாம். எத்தன நாள்னு தோராயமாச் சொல்லுங்க, கூடக் கொறைய இருந்தாலும் பரவால்ல."

"தோராயம் வேண்டாமுங்க" என்றேன். "ஒரு நாள் கூடக் கொறைக்க மாட்டேன். நோம்பு பொறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் குடுத்துருவேன்."

வீட்டுக்கு வரும் வழியில் மகள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். என்மேல் கோபம் என்று நினைத்தேன். கழா இல்லாமல் போன அவள் அம்மாவை நான் மறுபடியும் கழாவோடு நிறுத்திவிட்டேன் அல்லவா. வீட்டுக்கு வந்து, நோன்பு திறக்க இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு செம்பு தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எங்கள் நோன்பு அவள் அம்மாவின் கழாவைத் தீர்க்காது என்று தெரிந்த பிறகும் நாங்கள் அதை விடவில்லை.

"அத்தா, அம்மா நெசமாலுமே நல்லா இருந்தாங்களா?"

"இருந்தாங்க கண்ணு."

"எலையில இருந்து எடுத்துத் தின்னாங்கன்னீங்களே. என்னங்க தின்னாங்க?"

"மீனு. டேம்ல."

"மீனா? மீன் வாசம் பட்டாலே கொமட்டுவாங்களே." அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "முள்ளு நீங்க எடுத்துக் குடுத்தீங்களா?"

"அவளே எடுத்துத் தின்னா. எனக்கும் எடுத்து வெச்சா."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். முதலில் இருந்து சொல்லுங்கள் என்றாள். பசிக்குது என்று சொன்ன காலையிலிருந்து ஆரம்பித்தேன். ரஜபுல வைத்துக்கொள்கிறேன் என்றதைச் சொன்னேன். முதலையைச் சொன்னேன். அடுத்த நாள் லைனில் ஆளே இல்லை என்று தலைத்துணியை எடுத்துவிட்டு அவள் முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்ததைச் சொன்னேன். தலையில் பூனை முடி முளைத்திருந்தது. தொட்டுப் பாருங்க என்று என் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் வெங்காயம் உரித்துக் கொடுங்க என்று என்னை விரட்டிக்கொண்டு பிரியாணி செய்தாள். இன்னொரு நாள் வலியே இல்லாமல் பகல் முழுவதும் தூங்கினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றையும் மகள் என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். என்ன புடவை, என்ன சொன்னாங்க, எத்தனை கரண்டி சாப்பிட்டாங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் மைக்கை யாரோ தட்டிப் பார்த்தார்கள். மகள் பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் ஒன்றை வைத்தாள்.

"அப்புறங்கத்தா?" என்றாள்.

"அப்புறம் கம்பெனி தொறந்துட்டாங்க, கண்ணு."